வீட்டிலேயே இருக்கட்டும் என்று சேர்த்த பள்ளிக்கூடம்

1

சென்ற மாதம் பாளையங்கோட்டையில் என் மைத்துனன் மகளுக்குக் கல்யாணம். நானும் என் மனைவி சுபாவும் மட்டும் ஷார்ஜாவிலிருந்து போயிருந்தோம். பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளிப்பதற்குள் விசாரணை தொடங்கிவிட்டது. பக்கத்து இலையில் சுபாவின் தாய்மாமா.

"என்ன மாப்ள, அபியைக் காணோம்? பிள்ள இப்பம் எங்க படிக்கா?"

"பிலிப்பைன்ஸ்ல, மாமா."

"அடேயப்பா! டாக்டருக்கா!"

அவர் போட்ட சத்தத்தில் எதிர்வரிசை முழுக்க எங்களைப் பார்த்தது. நம் ஊரில் பிலிப்பைன்ஸ் என்றாலே டாக்டர் படிப்புதான். இங்கே சீட் கிடைக்காத பிள்ளைகள் அங்கே போய்ப் படித்துவிட்டு வருகிறார்கள், பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் விளம்பரம். நாலைந்து முகங்களில் சட்டென்று மரியாதை ஏறியதைப் பார்த்தேன். அப்போதே வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருக்கலாம். எனக்கு அந்தப் புத்தி எப்போது இருந்தது?

"இல்ல மாமா. ப்ளஸ் டூ."

கூட்டு வைக்க வந்தவர்கூடக் கரண்டியோடு நின்றுவிட்டார்.

"ப்ளஸ் டூவா? ஏன் மாப்ள, நம்ம ஊர்ல இல்லாத ப்ளஸ் டூவா? ஊரு உலகமெல்லாம் துபாய்க்குப் போவுது. துபாய்ல இருக்கிற பிள்ள பிலிப்பைன்ஸுக்குப் போயிருக்காளா?"

சுபா தலையை நிமிர்த்தவில்லை. "சோறு ஆறுது மாமா, சாப்பிடுங்க" என்றாள். அவள் அப்படிச் சொன்னால் அதற்கு மேல் அந்தக் குடும்பத்தில் யாரும் பேச மாட்டார்கள். மாமாவும் பருப்பில் கையை வைத்தார். ஆனால் அந்தக் கேள்வி விமானத்தில் எங்களோடு ஏறி ஷார்ஜா வரைக்கும் வந்துவிட்டது. பந்தியில் சொல்ல முடியாததை இங்கே எழுதிவிடுகிறேன். ஊரில் இருக்கிறவர்கள் படித்துவிட்டுத் திட்டுங்கள், பரவாயில்லை.

2

துபாய் ஜெபல் அலி ஃப்ரீ ஸோனில் ஒரு சரக்குக் கம்பெனியில் நான் டாக்குமெண்டேஷன் மேனேஜர். கப்பலில் வந்து இறங்குகிற கண்டெய்னர்களுக்குக் காகிதம் பார்ப்பது வேலை. வீடு ஷார்ஜாவில். போகவர காரிலேயே பாதி ஆயுசு கழிந்துவிட்டது. ஒரே பெண், அபிநயா. ஷார்ஜா ஆஸ்பத்திரி ஒன்றில் பிறந்தாள். அங்கிருந்து நேரே எங்கள் நாலாவது மாடி ஃப்ளாட்டுக்கு வந்தாள். இந்த வீட்டில்தான் தவழ்ந்தாள், இந்த லிஃப்டின் பொத்தான்களில்தான் எண்களைப் படித்தாள்.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் அவள் படித்த இந்தியப் பள்ளியில் அறிவியல் பிரிவில் இடமில்லை என்றார்கள். ஒரு செக்‌ஷனையே மூடிவிட்டார்களாம், வேண்டுமானால் காமர்ஸ் எடுத்துக்கொள்ளலாமாம். என் பெண் எந்தப் பிரிவில் படிக்க வேண்டும் என்பதை அந்தக் கட்டடத்தில் எத்தனை அறை இருக்கிறது என்பது முடிவு செய்தது. நான் நாலைந்து பள்ளிகளுக்கு அலைந்தேன். ஒரு பள்ளியின் வாசலில் இருந்த பாகிஸ்தான் பட்டாணிய செக்யூரிட்டி என் முகத்தைப் பார்த்ததுமே, "சீட் மாஃபி, பாய்" என்று கையை விரித்துக் காட்டினார். மாஃபி என்றால் அரபியில் இல்லை. உள்ளே இருந்தவர்கள் அதையே ஏசி அறையில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துச் சொன்னார்கள்.

இந்த நிலைமை வந்தால் வளைகுடாத் தமிழர்கள் செய்வது ஒன்றுதான். பிள்ளையைக் கொண்டுபோய் நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் போடுவது. அஜ்மானில் இருக்கும் என் நண்பர் செல்வராஜ் அப்படித்தான் செய்தார். அவருடைய பையன் இரண்டு வருடம் ஹாஸ்டலில் இருந்து படித்தான். நல்ல மார்க்தான், குறை சொல்ல முடியாது. முதல் லீவுக்கு அஜ்மான் வந்தபோது நாங்கள் பார்க்கப் போயிருந்தோம். பையன் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து அடுக்களை வாசலில் போய் நின்றுகொண்டு தன் அம்மாவிடம் கேட்டான்:

"அம்மா, ஃப்ரிட்ஜைத் திறக்கலாமா?"

அவன் அம்மா சிரித்தபடி, "இதென்னடா கேள்வி" என்றார். சுபா சிரிக்கவில்லை. காரில் ஏறிக் கிளம்பினோம். நஹ்தா சிக்னலில் நின்றபோது திடீரென்று சொன்னாள்: "எம்பிள்ள என் வீட்டுல தண்ணி குடிக்க எங்கிட்ட பெர்மிஷன் கேக்கணுமா? செத்தாலும் ஹாஸ்டலுக்கு அனுப்ப மாட்டேன், பாத்துக்கோங்க."

பார்த்துக்கொண்டேன். அப்படித்தான் அபியை எப்படியாவது வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்பது எங்கள் வீட்டுச் சட்டம் ஆனது.

3

எங்கள் எதிர் ஃப்ளாட்டில் லோர்ணா இருக்கிறாள். பிலிப்பைன்ஸ்காரி, ஒரு பல் கிளினிக்கில் ரிசப்ஷனிஸ்ட். அவள் ஊர்ப் பெண்கள் இருவரோடு அந்த வீட்டைப் பங்குபோட்டுக்கொண்டு இருக்கிறாள். சுபாவுக்கும் அவளுக்கும் பேச்சு எல்லாம் ஆங்கிலத்தில்தான், இருவருக்கும் அது இரவல் பாஷை என்பதால் ஒருவர் தப்பை மற்றவர் கண்டுகொள்வதில்லை. லோர்ணாவுக்கு ட்ரிஷா என்று ஒரு பெண், அபியின் வயது. மூன்று வயதில் அந்தப் பிள்ளையைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டு இங்கே வந்தவள் லோர்ணா. தன் பெண் வளர்ந்ததை போனில்தான் பார்த்திருக்கிறாள்.

அபி பள்ளி இல்லாமல் வீட்டில் முடங்கிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு அவள்தான் சொன்னாள். ட்ரிஷா படிக்கும் பள்ளி தனியார் இன்டர்நேஷனல் பள்ளியாம். மணிலாவிலும் சுற்றியுள்ள ஊர்களிலுமாக ஏழெட்டு வளாகங்கள். அதில் ஃப்ளெக்சிபிள் லேர்னிங் என்று ஒரு ஏற்பாடு. தினமும் வகுப்புக்குப் போகலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் போகலாம், போகவே போகாமல் உலகத்தில் எந்த மூலையில் இருந்தும் கம்ப்யூட்டரில் படிக்கலாம். ஒரு பருவம் ஒரு முறையில் படித்துவிட்டு அடுத்த பருவம் வேறு முறைக்கு மாறலாம், ஒரு வளாகத்திலிருந்து இன்னொரு வளாகத்துக்கும் மாறலாம்.

"உங்கள் பெண் வீட்டை விட்டு ஒரு அடி எடுத்து வைக்க வேண்டாம், அக்கா" என்று சுபாவிடம் சொன்னாள். அக்கா என்பதை அவள் தன் பாஷையில் 'ஆத்தே' என்பாள்.

அந்த ஒரு வாக்கியத்தில் நாங்கள் விழுந்தோம். பள்ளியின் கையேட்டை நான் வரி வரியாகப் படித்தேன், படிப்பதுதானே என் தொழில். எந்தப் பருவத்திலும் மாறிக்கொள்ளலாம் என்ற விதியைப் பார்த்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இங்கே ஏதாவது பள்ளியில் இடம் கிடைத்தால் வெளியே வந்துவிடலாம், கதவு திறந்தேதான் இருக்கிறது என்று சுபாவிடம் விளக்கம் வேறு சொன்னேன். கதவு என்றால் இரண்டு பக்கமும் திறக்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை. கண்டெய்னருக்குக் காகிதம் பார்க்கிறவனுக்கு இது கூடத் தெரியவில்லை, மேனேஜராம் மேனேஜர்!

4

மணிலா எங்களுக்கு நாலு மணி நேரம் முந்தி. அபிக்கு வகுப்பு விடியலுக்கு முன்பே ஆரம்பிக்கும். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போது எங்கள் ஹாலில் ஒரு டீச்சர் "குட் மார்னிங்" சொல்லிக்கொண்டிருப்பார்.

திங்கட்கிழமை வந்தால் கொடிவணக்கம். முதல் திங்கட்கிழமை நான் லுங்கியோடும் காபி டம்ளரோடும் ஹாலுக்கு வந்தேன். அபி மேலே பள்ளிச் சட்டையும் கீழே பைஜாமாவுமாக நிமிர்ந்து நின்றிருந்தாள். வலது கை இடது மார்பில். திரையில் அந்த நாட்டுக் கொடி, அந்த நாட்டு கீதம். டம்ளரோடு நானும் நின்றுவிட்டேன்.

அடுக்களையிலிருந்து சுபா எட்டிப் பார்த்தாள். "நீங்க எதுக்கு நிக்கிய?"

"உக்காந்தா மரியாதையா இருக்காதுல்லா."

"யாருக்கு மரியாதை?"

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற பிள்ளை, ஷார்ஜாவில் பிறந்த பிள்ளை, மணிலாக் கொடிக்கு நெஞ்சில் கை வைத்து நிற்கிறது. யாருக்கு மரியாதை என்று நான் எதைச் சொல்ல? காபி ஆறிப் போனது.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் அந்த நாட்டு மொழி கொஞ்சம் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த மொழியில் பெரியவர்களிடம் பேசும்போது வாக்கியத்துக்கு நடுவே 'போ' என்று ஒரு மரியாதைச் சொல்லைச் சேர்ப்பார்களாம். ஒரு மாதம்தான். சுபா சாப்பிடக் கூப்பிட்டால் "ஓபோ" என்று பதில் வந்தது. மரியாதையோடு 'சரி' என்று பொருளாம். சுபாவுக்கு வந்ததே கோபம்!

"நடக்கப் பழகுன நாள்லேருந்து பெரியவங்களை வாங்க போங்கன்னு சொல்லுட்டின்னு தலைகீழா நின்னேன். ஊருக்குப் போனா மாமாவை 'நீ'ன்னா, சித்தப்பாவை 'வா'ன்னா, மானம் போச்சி. இப்பம் எவளோ ஒருத்தி கம்ப்யூட்டர்ல வந்து ஒரு மாசம் சொல்லிக் குடுத்தா மரியாதை வந்துருதோ?"

அபி ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அம்மா, அவங்க சொன்னா புரியுது. நீ சொன்னா திட்டு மாதிரி இருக்கு" என்றாள். உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் நான் சொல்லிவிட்டு அந்த வீட்டில் குடியிருக்க முடியாது.

அந்த வருடம்தான் பந்தியில் கேள்வி கேட்ட இந்தத் தாய்மாமா ஷார்ஜாவைச் சுற்றிப் பார்க்க வந்தார். அபி நேரே போய் அவர் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். அந்த ஊரில் பெரியவர்களிடம் ஆசி வாங்குவது அப்படி. மாமா பதறிப்போய் மற்றொரு கையையும் அவள் கழுத்தில் வைத்துப் பார்த்தார். "உடம்பு சுடலியே! பிள்ளைக்குக் காய்ச்சலா சுபா?" நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அபியும் சிரித்தாள். கடைசியாக நாங்கள் ஒன்றாகச் சிரித்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

திரையின் ஒரு ஓரத்தில் ட்ரிஷாவின் முகம் எப்போதும் இருந்தது. இரண்டும் ஒரே வகுப்பு, அது வளாகத்தில் உட்கார்ந்து, இது வீட்டிலிருந்து. பாடம் முடிந்த பிறகும் பேச்சு முடியாது. அபி கதவைச் சாத்திக்கொண்டு சிரிப்பாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சுபா, "பிள்ள வீட்டுலதானே இருக்கா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். இருந்தாள்தான். வீட்டில் இருந்தாள், எங்களோடு இல்லை.

5

என் திட்டம் இதுதான். பன்னிரண்டு முடிந்ததும் அபி தமிழ்நாட்டில் இன்ஜினியரிங். வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளுக்கு என்று கல்லூரிகளில் இடஒதுக்கீடு இருக்கிறது. அதில் நுழைந்துவிட்டால் சுபா கூடவே போய் வீடெடுத்துத் தங்கிக்கொள்வாள், நான் இங்கே பேச்சலராக ரூமில் இருந்துகொள்வேன். நல்ல திட்டம். பதினொன்றாம் வகுப்பின் கடைசியில் ஒரு கல்லூரிக்கு போன் போட்டேன்.

"எந்த போர்டு சார்?"

சொன்னேன்.

"அது எங்க லிஸ்ட்ல காணோமே சார். ஈக்விவலன்ஸ் சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க."

"எங்க வாங்கணும்?"

"அது அவங்க சொல்வாங்க சார்."

எவர்கள் அந்த 'அவங்க' என்று கண்டுபிடிக்கக் கிளம்பினேன். மணிலாவில் பள்ளி கொடுக்கும் மார்க் பட்டியலுக்கு அங்கே கல்வித்துறை முத்திரை, அதன்மேல் வெளியுறவுத்துறை முத்திரை, அதை இங்கே காட்ட வேண்டுமென்றால் வேறு ஒரு முத்திரை, ஊரில் காட்ட வேண்டுமென்றால் இன்னொன்று. ஒரு அலுவலகத்தில், பிள்ளை அந்த நாட்டில் வசிக்கவில்லையே, அந்த நாட்டுப் படிப்பு எப்படி வந்தது என்றார்கள். இன்னொரு இடத்தில், பிள்ளை இந்த நாட்டில் வசிக்கிறாளே, இந்த நாட்டுப் பள்ளியில் ஏன் இல்லை என்றார்கள். அறை இல்லை என்று சொன்னது உங்கள் நாட்டில் இருக்கும் பள்ளிதான் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். விசாவில் இருக்கிறவன் விழுங்கப் பழக வேண்டும்.

ஜெபல் அலியில் சில கண்டெய்னர்கள் உண்டு. ஒரு கப்பலில் வந்து இறங்கும், யார்டில் கிடக்கும், பிறகு வேறு கப்பலில் வேறு நாட்டுக்குப் போய்விடும். எத்தனை நாள் இங்கே கிடந்தாலும் இந்த நாட்டுக்குள் வந்ததாகக் காகிதத்தில் கணக்கே இருக்காது. அதற்கெல்லாம் ஒழுங்காகக் காகிதம் போட்டு அனுப்பி வைக்கிறேன். பெற்ற பிள்ளைக்கு ஒரு காகிதம் ஒழுங்காகச் சேர்க்க முடியவில்லை.

6

நான் இப்படி முத்திரைக்கு அலைந்துகொண்டிருந்த நாட்களில் அபி தன் வேலையை முடித்துவிட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். பன்னிரண்டாம் வகுப்புக்கு வீட்டிலிருந்து படிக்கும் முறையை விட்டு, வளாகத்துக்கு நேரில் போகும் முறைக்கு மாறக் கேட்டிருந்தாள். ட்ரிஷா படிக்கும் வளாகம். பள்ளி சரி சொல்லிவிட்டது. பெற்றோர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"நீ எங்க தங்குவே?" என்றேன். மகளைப் பார்த்துக் கேட்கக்கூடிய முதல் கேள்வி அதுவா என்று இப்போது தோன்றுகிறது.

"ட்ரிஷா வீட்ல. லோர்ணா ஆன்ட்டியோட ரூம் சும்மாதான் இருக்கு. அவங்க ஓகே சொல்லிட்டாங்க."

சுபா எழுந்து நேரே எதிர் ஃப்ளாட் கதவைத் தட்டினாள். லோர்ணா வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், யூனிஃபார்ம் கூட மாற்றவில்லை. எங்கள் வீட்டுக்குள் வந்தவளைச் சுபா உட்காரச் சொல்லவில்லை.

"எம்பிள்ளைய எங்கிட்டேருந்து பிரிக்கியா நீ?" என்று தமிழில் கேட்டாள். கோபம் வந்தால் அவளுக்கு ஆங்கிலம் வராது.

லோர்ணாவுக்கு வார்த்தை புரியவில்லை, விஷயம் புரிந்துவிட்டது. மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, அந்த அறையை எனக்காகக் கட்டினேன். இரண்டு வருடத்துக்கு ஒரு மாதம் அதில் தூங்குகிறேன். மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கிறது. உங்கள் பெண் கேட்டாள். ஒரு பிள்ளை கேட்கும்போது இல்லை என்று எப்படிச் சொல்வது? என் பெண்ணுக்கும் துணை இருக்கும்."

அவள் போன பிறகு சண்டை முழு வேகத்தில் நடந்தது. நம்ம ஊர் ஒன்று இருக்கிறது, நம்ம ஆட்கள் இருக்கிறார்கள், போக வேண்டுமென்றால் நம்ம ஊருக்குப் போ என்று நான் கத்தினேன்.

அபி கத்தவில்லை. "அது உங்க ஊர்ப்பா. எனக்கு அங்க போனா எல்லாரும் 'துபாய்ப் பிள்ள'ங்கிறாங்க. இங்க கேட்டா 'இந்தியன்'ங்கிறாங்க. நான் எந்த ஊர்லயும் இருந்ததே இல்லப்பா. ஒரு ஃப்ளாட்லதான் இருந்திருக்கேன். அங்க கிளாஸ்ல என்னை 'அபி'ன்னு கூப்பிடறாங்க, அவ்ளோதான்."

"ஹாஸ்டலுக்கு வேண்டாம்னுதானட்டி உன்னை வீட்டுலயே வெச்சிருந்தோம்?" என்றாள் சுபா. அழுதுகொண்டேதான் கேட்டாள்.

"அது தெரியும்மா. ஆனா வெச்சிருந்தீங்கன்னுதான் சொல்றீங்க. ஒரு பொருளை வெச்சிருக்கிற மாதிரி."

இந்த வளைகுடாவில் எங்கள் தலைமுறைக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. குடும்பத்தோடு இருக்கிறோம் என்ற பெருமை. லேபர் கேம்பிலும் பலகை அடித்துத் தடுத்த பார்ட்டிஷன் ரூமிலும் தனியாகக் கிடப்பவர்களைப் பார்த்து, நாம் தப்பித்தோம் என்று நினைத்துக்கொள்வோம். அந்தப் பெருமையை அன்று என் பெண் சாப்பாட்டு மேஜையில் வைத்து உடைத்தாள். ஒரு வாரம் ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிட்டோம். அப்புறம் கையெழுத்துப் போட்டேன். போடாவிட்டால் இன்னொரு வருடம் அவள் அந்த மூடிய கதவுக்குப் பின்னால் இருந்திருப்பாள். அதைத்தான் நாங்கள் 'வீட்டில் இருக்கிறாள்' என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்திருப்போம்.

7

போனாள். ஏர்போர்ட்டில் சுபா முறுக்கும் அதிரசமும் கட்டிக் கொடுத்தாள். ட்ரிஷாவுக்கும் சேர்த்து. லோர்ணா தன் பெண்ணுக்கு என்று ஒரு பை கொடுத்தாள், அதைத் தூக்கிக்கொண்டு என் பெண் உள்ளே போனாள்.

பள்ளி எப்படி வேண்டுமானாலும் வளைந்து கொடுக்கும். விசா வளையாது. என் ஸ்பான்சர்ஷிப்பில் இருக்கிற பிள்ளை ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் குடியிருப்பு விசா செத்துவிடும். படிப்பு என்று காட்டி விலக்கு வாங்கலாம் என்றார்கள். அதற்கும் அதே மணிலாக் காகிதங்கள், அதே முத்திரைகள். ஐயா சாமி, ஆளை விடுங்கள் என்று டிக்கெட் போட்டேன். ஓடிப்பிடித்து விளையாடுகிற பிள்ளைகள் சுவரைத் தொட்டுவிட்டு ஓடுவதுபோல, என் பெண் பிறந்த ஊரைத் தொட்டுவிட்டுப் போக டிசம்பரில் வந்தாள்.

சுபா மூன்று நாள் முன்பே ஃப்ரிட்ஜை நிரப்பிவிட்டாள். தோசை மாவு, நன்னாரி சர்பத், அவளுக்குப் பிடித்த மாம்பழ ஜூஸ். அபி வந்தாள், கட்டிப்பிடித்தாள், முத்தம் கொடுத்தாள், எல்லாம் சரிதான். பிறகு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். தாகமாக இருந்திருக்கும், உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். ஃப்ரிட்ஜ் அவளுக்குக் கை நீட்டும் தூரத்தில் இருந்தது. நான் சுபாவைப் பார்த்தேன், சுபா அபியைப் பார்த்தாள். அபி மேஜை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

கடைசியில் சுபாவே எழுந்து போய் ஜூஸை ஊற்றிக் கொடுத்தாள். "தேங்க்ஸ்மா" என்றாள் அபி. எங்கள் வீட்டில் ஜூஸுக்கு யாரும் தேங்க்ஸ் சொன்னதில்லை.

அன்றைக்கு அஜ்மான் பையனைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பேசினால்தானா?

8

ஞாயிற்றுக்கிழமைகளில் லோர்ணா எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அந்தச் சண்டைக்குப் பிறகு கொஞ்ச நாள் சுபா முகம் கொடுக்கவில்லை. பிறகு, ஒரே வீட்டுக்கு இரண்டு போன் எதற்கு என்று ஆகிவிட்டது. எங்கள் டிவியில் வீடியோ கால் போடுவோம். இரண்டு பிள்ளைகளும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பேசும். இங்கே இரண்டு அம்மாக்களும் ஒரே சோபாவில். லோர்ணா நூடுல்ஸ் மாதிரி ஒன்று செய்துகொண்டு வருவாள், சுபா பஜ்ஜி போடுவாள். நடுவில் ஒரு கடல், அதில் எங்கள் பங்கு எது, அவள் பங்கு எது என்று எனக்கு இப்போதெல்லாம் குழம்பிப் போகிறது.

அபியின் விசா அடுத்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால் அவள் நேரில் இங்கே இருக்க வேண்டும். விசா ஃபாரம் அடித்துக் கொடுக்கும் டைப்பிங் சென்டரில் இருக்கும் மலையாளி நாலு நாள் முன்பு போன் செய்து, "சாரே, மோளுடே விசா ரென்யூவா, கேன்சலா?" என்று கேட்டார். கேன்சல் என்றால், பிறந்து வளர்ந்த ஊருக்கு அவள் இனி டூரிஸ்டாகத்தான் வர முடியும். பெற்றவர்கள் வீட்டுக்கு விருந்தாளி விசா. கல்யாணத்திலிருந்து திரும்பியதிலிருந்து எங்கள் வீட்டில் ஓடுகிற பேச்சு இது ஒன்றுதான். இந்த ஞாயிறு அவளிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தோம்.

முதலில் கல்யாணக் கதை. மாமா டாக்டருக்கா என்று கேட்டதைச் சொன்னதும் அபி சிரித்தாள், ட்ரிஷாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள், அதுவும் சிரித்தது. பிறகு நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"அபி, விசா முடியுதும்மா. ஒரு வாரம் வந்துட்டுப் போனா ரென்யூ பண்ணிரலாம். வாரியா?"

"எப்போப்பா?"

"அடுத்த மாசம்."

"அடுத்த மாசம் ஃபைனல்ஸ் இருக்கே... பார்க்கறேன்ப்பா. யோசிச்சுச் சொல்றேனே." சொல்லிக்கொண்டே எழுந்தாள். போனை ட்ரிஷா கையில் பிடித்திருந்தது. அபி எழுந்த பக்கம் போனும் திரும்பியது. பின்னால் அந்த வீட்டு அடுக்களை தெரிந்தது. லோர்ணாவின் அக்கா அடுப்பில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தார். அபி அவருக்குப் பின்னால் நடந்து போய், பேச்சை நிறுத்தாமலே, யாரையும் பார்க்காமலே ஃப்ரிட்ஜைத் திறந்தாள். குனிந்து உள்ளே எதையோ தேடினாள். பிடித்தது கிடைக்கவில்லை போலிருக்கிறது, அந்த அக்காவிடம் அவர்கள் பாஷையில் ஏதோ குறை சொன்னாள். அவர் கரண்டியால் அவள் முதுகில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார்.

லோர்ணாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பாருங்கள் அக்கா, என் ஃப்ரிட்ஜ்! அது என்னுடைய ஃப்ரிட்ஜ். லீவுக்குப் போனால் நான்கூட என் அக்காவிடம் கேட்டுத்தான் திறப்பேன்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னவள் பாதியில் நிறுத்திவிட்டாள். அவள் சொன்னது அவளுக்கே கேட்டுவிட்டது.

சுபா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். நான் ஏதேதோ பேசி அழைப்பை முடித்தேன். லோர்ணா தன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அடுக்களையில் விளக்குப் போடவில்லை. சுபா எங்கள் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றிருந்தாள். டிசம்பரில் வாங்கிய மாம்பழ ஜூஸில் ஒரு பாட்டில் இன்னும் பிரிக்காமல் இருந்தது.

"டைப்பிங் சென்டர்காரருக்கு என்ன சொல்ல?" என்றேன். "பிள்ள இன்னும் ஒண்ணும் சொல்லலியே. யோசிச்சுச் சொல்றேன்னுதான சொன்னா?"

"சொல்லிட்டா" என்றாள் சுபா. ஃப்ரிட்ஜை மூடினாள்.